கார்வெலில் ஒருவர் ஏறவேண்டும்

அடுப்பின் காற்றுவழியை மூடினேனா? மூடினேன் என்றுதான் நினைக்கிறேன், அந்த இரும்புப் பிடியின் சூடு விரலில் இருக்கிறது, ஆனால் அது இன்றைய சூடா நேற்றைய சூடா என்று விரலுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாம். வீடு இங்கிருந்தே தெரிகிறது, புகைபோக்கியில் புகை நேராக மேலே போகிறது, காற்று இல்லாத கடுங்குளிரில்தான் புகை இப்படி நூல் பிடித்தது போல நிற்கும். ஆனால் நான் போன நேரம் பார்த்து ரயில் வந்துவிட்டால்? இது ஆளைக் கண்டால் மட்டும் நிற்கிற ரயில். தண்டவாளத்தோரப் பலகை மேடையில் ஏறி நின்று துணியை ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டுவதற்கு ஆள் இல்லையென்றால் கார்வெல் என்று ஓர் ஊர் இருப்பதையே அது கவனிக்காது, ஓர் ஊதல் ஊதிவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். ஆகவே நில், யோகமலர். அடுப்பு எரிந்தால் எரியட்டும். காலை மாற்றி மாற்றி வை, விரலைச் சப்பாத்துக்குள் மடக்கி மடக்கி நீட்டு, மூச்சைச் சால்வைக்குள் விடு. ரயில் பிந்துகிறது. இந்தக் குளிரில் தண்டவாளம் சுருங்கும், மெதுவாகத்தான் ஓட்டுவார்கள், வரும். வராமல் எங்கே போகப்போகிறது, இந்தப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு வேறு வழியா இருக்கிறது?

ஏறி எங்கே போகிறாய் என்று யாராவது கேட்கலாம். எனக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. அடுத்த தரிப்பிடம் மட்டும் போவேன், அங்கே கடையில் ஒரு கோப்பி குடிப்பேன், பின்னேரம் அதே ரயில் திரும்பி வரும்போது ஏறி வந்து இங்கே இறங்குவேன். போன இலையுதிர் காலத்தில் ரயில்வேயிலிருந்து ஒருவன் வந்து தேவாலய மண்டபத்தில் எங்களை இருத்தி வைத்துச் சொன்னான். மரியாதையான பிள்ளை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தான். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்ப்போம், ஏறி இறங்க ஆள் இல்லையென்றால் கார்வெல் நிறுத்தத்தை எடுத்துவிடுவோம் என்றான். ரயில் ஓடும். உங்கள் வாசலால்தான் ஓடும். ஆனால் நிற்காது. கோடையில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு இந்த ரயிலை விட்டால் வழி இல்லை, மரம் அரிகிற மில் மூடிய பிறகு காட்டு ரோட்டின் பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது, புதிதாகக் கட்ட யாரும் இல்லை. என் சிநேகிதி அக்னஸின் மருந்து இந்த ரயிலில் வருகிறது. மாவும் மண்ணெண்ணெயும் இந்த ரயிலில் வருகின்றன. இதெல்லாம் அவனுக்குத் தெரியும், தலையை ஆட்டினான், ஆட்டிவிட்டு அதே வசனத்தைத் திரும்பச் சொன்னான். அவன் போன பிறகு அக்னஸ்தான் வாயைத் திறந்தாள். அக்னஸ் என்றில்லை, இங்கே யார் இங்கிலீசில் என்ன சொன்னாலும் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும், இத்தனை வருசப் பழக்கம். “அவங்களுக்கு ஆள்தானே வேணும்? ஆளைக் காட்டுவம்” என்றாள். அன்றைக்கே முறை வைத்துக்கொண்டோம். ரயில் வருகிற ஒவ்வொரு நாளும் ஊரில் ஒருவர் ஏற வேண்டும். காரணம் இல்லாமல், வேலை இல்லாமல், ஏற வேண்டும்.

இன்றைக்கு எய்னோவின் முறை. மில்லில் மரம் அரிகிற வாளுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்த பின்லாந்துக்காரர், பெண்சாதி செத்த பிறகும் போகாமல் இருக்கிறவர். விடியக் கதவைத் தட்டினேன், உள்ளேயிருந்து இருமல்தான் வந்தது. “நான் போறன், நீங்கள் படுங்கோ” என்றேன். “போன முறையும் நீதானே போனாய்” என்றார். அதற்கு முந்தின முறையும் நான்தான், அதை அவருக்குச் சொல்லவில்லை. பனி கூடக்கூட முறை சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூச்சு, ஒரு குடும்பம் கிறிஸ்மஸுக்குப் போனது இன்னும் திரும்பவில்லை, திரும்புமென்று நானும் நம்பவில்லை. ஒருநாள் நானே இருமிக்கொண்டு படுத்திருந்தால்? அப்போது யார் வந்து நிற்பது? இது நேற்று ஆரணி கேட்ட கேள்வி. எப்படிச் சுற்றிப் போனாலும் அங்கேதான் வந்து கால் தடுக்குகிறது.

ஆரணி என் மகள், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கிறாள், நேற்றுச் சாப்பிட இருந்த நேரம் போன் எடுத்தாள். “அம்மா, நீங்கள் ஒரு இடத்துக்கும் போகாமல் கோச்சியிலை போய்ப்போய் வாறீங்கள் எண்டு இங்கை ஆக்களுக்குச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு” என்றாள். “சொல்லாதை” என்றேன். “கீழை ஒரு அறை உங்களுக்கெண்டே கட்டியிருக்கிறம். குளியலறை இருக்கு, ஜன்னல் இருக்கு.” “ஜன்னலாலை பாத்தால் என்ன தெரியும்?” “பக்கத்து வீட்டு மதில்” என்றாள், சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் அழத் தொடங்கினாள். “உங்களுக்கு ஒண்டு நடந்தால் ஆர் வந்து பாக்கிறது அம்மா? நான் வாறதெண்டாலும் அந்தக் கோச்சி நிக்கவேணுமே?” “அதுக்குத்தானே பிள்ளை நான் ஏறுறன்” என்றேன். அந்த நேரம் அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. இரவு படுக்கையில் அதை மனதில் போட்டுப் பார்த்தேன், நல்ல பதில்தானா? ஒரு கிழவியின் வீம்பா? மகள் கூப்பிடுகிறாள், பேரப்பிள்ளை தவழுகிறது, சூடான அறை, கோயில், மரக்கறிக் கடை, முருங்கைக்காய். வேண்டாம் என்று எதற்காக இங்கே மூக்கு விறைக்க நிற்கிறேன்? மூக்கைத் தொட்டுப் பார். இருக்கிறது. உணர்ச்சி இருக்கிறது.

அக்னஸிடம் கேட்டால் சிரிப்பாள். அவள் இந்த மண்ணின் பூர்வகுடி, அவளுடைய சனம் இந்த ஆற்றங்கரையில் இருந்தபோது தண்டவாளமும் இல்லை, கார்வெலும் இல்லை. ஆறு மடங்குகிற இடம் என்று அவர்கள் பாசையில் இதற்கொரு பெயர். அவள் சொல்லித்தந்தாள், என் வாயில் சரியாக வராது, வரும்வரைக்கும் விடாமல் சொல்ல வைப்பாள். பிறகு பாதை போடுகிறவர்கள் வந்தார்கள், அவர்களோடு வந்த இஞ்சினியர் ஒருவரின் பெயர்தான் கார்வெல். அந்த மனிதர் இங்கே எத்தனை நாள் இருந்தாரோ, போய்விட்டார், பெயர் மட்டும் அந்த ஊர்ப் பலகையில் நிற்கிறது. நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ரயில் நின்றது. ரயில் நின்றதால் மரக்காரர் வந்தார்கள். குளிர்காலம் முழுக்க வெட்டி, குதிரையில் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்கி, பனி உருகினதும் மரத்தையெல்லாம் ஆற்றில் விடுவார்களாம், ஆறு தெரியாதாம், மரம்தான் ஓடுமாம். பிறகு மில் வந்தது, மில்லோடு ஒரே மாதிரிப் பச்சை வீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயம், பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு திடல். ஒரு கோடையில் காட்டுத் தீ வந்து பாதி ஊரைத் தின்றது. அக்னஸ் அப்போது சின்னப் பெட்டை, சனத்தையெல்லாம் மரம் ஏற்றுகிற பெட்டிகளில் ஏற்றி ரயில்தான் நெருப்புக்குள்ளால் வெளியே கொண்டுபோனதாம். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தாயின் மடியில் இருந்தாளாம். மூன்றாம் வாரம் எல்லோரும் திரும்பி வந்து கரியைக் கூட்டித் தள்ளிவிட்டு வீடு கட்டினார்களாம். “எங்களைக் கேட்டு வந்ததில்லை இந்த ரயில். இப்ப எங்களைக் கேக்காமல் போகப் பாக்குது” என்று அக்னஸ் சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொல்வாள்.

நாங்களும் ரயிலில்தான் வந்தோம். நானும் அவரும். பரமலிங்கம் என்ற பெயரை மில்லில் யாருக்கும் சொல்ல வரவில்லை, லிங் என்றார்கள், சீனாக்காரன் என்று கனபேர் நினைத்தார்கள். ரொறன்ரோவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனிதருக்கு யாரோ சொன்னது, வடக்கே மில்லில் ஆள் எடுக்கிறார்கள், வீடும் தருகிறார்கள் என்று. வந்து இறங்கினோம், இதே பலகையில், ஆரணி வயிற்றில். எங்கே பார்த்தாலும் மரம், மரத்தின் மேல் பனி, அரிந்த பலகையின் மணம். அந்த மணம் எனக்குப் பிடித்தது. மசக்கை வயிற்றுக்கு எல்லா மணமும் குமட்டியது, இது மட்டும் குமட்டவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “சரிவராட்டில் அடுத்த கோச்சியிலை திரும்புவம்” என்றார். அந்தக் காலத்தில் அடுத்த கோச்சி இரண்டு நாள் கழித்துத்தான். அந்த இரண்டு நாளுக்குள் எய்னோவின் பெண்சாதி ரொட்டி கொண்டுவந்தாள், அக்னஸ் முயல்தோல் தைத்த கையுறை கொண்டுவந்து என் கையில் மாட்டிப் பார்த்தாள், கோச்சி வந்தது, போனது, நாங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தோம். பச்சை மரத்துண்டுகள் சங்கிலியில் நகர்ந்து வர அவற்றைத் தரம் பார்த்துப் பிரித்து இழுப்பது அவருடைய வேலை. ஒரு பெப்ரவரியில் அடுக்கு சரிந்து தொடையில் விழுந்தது. அன்றைக்குப் பயணி ரயில் இல்லை, பலகை ஏற்றின சரக்கு ரயில்தான், அது இங்கே நிற்கிற வழக்கமே இல்லை. மில் ஆட்கள் தண்டவாளத்துக்கு ஓடிக் கோட்டுகளைக் கழற்றி ஆட்டினார்கள். நின்றது. அவ்வளவு நீளமான இரும்பு, கிரீச்சிட்டு, நெருப்புப் பொறி பறக்க, ஒரு மனிதனுக்காக நின்றது. இஞ்சினுக்குள்ளேயே அவரைக் கிடத்திக்கொண்டு போனார்கள், நான் தலையை மடியில் வைத்திருந்தேன். கால் கொஞ்சம் நொண்டினதோடு இன்னும் இருபது வருசம் நடந்தார்.

மில் மூடின நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சத்தத்தால் இல்லை, சத்தம் இல்லாததால். வாளின் இரைச்சல் நின்றதும் எங்கிருந்தோ குருவிகள் கத்துவது கேட்டது, இத்தனை காலம் இதுகளும் கத்திக்கொண்டுதான் இருந்தனவா என்று அவர் அதிசயப்பட்டார். பிறகு ஊர் குறைந்தது. பள்ளிக்கூடம், பிறகு தபால்கந்தோர், பிறகு ஸ்டேசன் கட்டடம், அதை இடித்துவிட்டு இந்தத் தகரக் கூட்டை வைத்தார்கள். நாங்கள் பழைய மில் விடுதியை எடுத்துத் திருத்தி, மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு அறை விட்டோம். பெரிய பெரிய ஆட்கள் தோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து என் புட்டையும் மீன் குழம்பையும் மூக்கால் தண்ணீர் ஓடத் தின்றுவிட்டு, அடுத்த வருசமும் அதற்காகவே வருவார்கள். அவர் செத்துப்போன பிறகும் வருகிறார்கள். இந்தக் கோடைக்கும் அறை கேட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் சமாதிக்குக் காவல் இருக்கவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. கூரையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது, பனி உருகினதும் ஏற வேண்டும். அதை ஆரணிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கூடவே இன்னொன்றும் இருக்கிறது, அதை அவளுக்குச் சொன்னதே இல்லை. அவள் பிறக்குமுன், எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில், நான் எத்தனை தரம் எழும்பியிருப்பேன். எழும்பு, இந்த இடத்தில் இருக்கேலாது, ஷெல் வருகிறது. எழும்பி நடந்தோம். பள்ளிக்கூடத்தில் இருந்தோம், எழும்பு, இங்கேயும் வருகிறது. எழும்பினோம். கோயில் மண்டபம், எழும்பு. யாரோ சொல்வார்கள், நாங்கள் பாயைச் சுருட்டுவோம். கடைசியில் பாயைச் சுருட்டுவதில் நான் கெட்டிக்காரி, நித்திரையிலேயே சுருட்டுவேன். இப்போது சுடுவதற்கு யாரும் இல்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் சொல்வது அதே சொல்தான். போகக்கூடாது என்று இல்லை. எனக்குப் போக மனம் வந்தால் போவேன், ஒரு நல்ல நாளாய்ப் பார்த்து, கதவைச் சாத்தி, அக்னஸைக் கட்டிப்பிடித்துவிட்டு, கையைக் காட்டி ரயிலை நிற்பாட்டி ஏறிப் போவேன். அதற்கும் ரயில் நிற்க வேண்டுமே. எழும்பு என்றால் எழும்புகிற ஆள் நான் இனி இல்லை.

காலுக்குக் கீழே பலகை அதிருகிறது. இல்லை, என் முழங்கால். இல்லை, பலகைதான். தூரத்து இரைச்சல் கேட்டால் எனக்கு முதலில் வானத்தைப் பார்க்கத்தான் வரும், இத்தனை காலத்துக்குப் பிறகும் கழுத்து தானாக நிமிரும், குண்டு போடுகிற ஹெலியா என்று பார்க்கும், பிறகுதான் மூளை வந்து சொல்லும், கோச்சியடி, கோச்சி. கழுத்தைக் கீழே இறக்கு. அதோ வெளிச்சம், மரங்களுக்கு நடுவில். சிவப்புத் துணியை எடு. பலகையின் விளிம்புக்கு வா. ஆட்டு. ஆளைக் கண்டேன் என்பதற்கு இரண்டு சின்ன ஊதல் ஊதுவார்கள். ஊது. ஏன் ஊதவில்லை? பெரிதாக ஆட்டு, இரண்டு கையாலும் ஆட்டு. ஒரே ஒரு நீண்ட ஊதல், விலகு விலகு என்கிற ஊதல், வேகம் குறையவில்லை, இஞ்சின் பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது, பின்னால் போ யோகமலர், போக மாட்டேன், ஜன்னலில் ஓர் இளம் முகம், என்னைக் கண்டு அதன் வாய் திறந்தது, முகம் போய்விட்டது. காற்று அறைந்து என்னைத் தகரக் கூட்டோடு தள்ளியது, பனித்தூள் கண்ணெல்லாம், பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன, போய்விட்டது, போய்விட்டது. பிறகு இரும்பு கிரீச்சிட்டது.

கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பழைய மில் குளத்தையும் தாண்டி, வளைவில், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. நின்றுவிட்டது. ஷீல் இறங்கினான், கொண்டக்டர் ஷீல், கியூபெக்காரன், எத்தனையோ வருசம் தெரிந்தவன். கையை வீசி வா வா என்று கூப்பிட்டான். பையை எடுத்தேன். ஓர் அடி வைத்தேன். நடக்கலாம், பனி முழங்கால் மட்டும்தான். நான் நடந்த நடைக்கு இது ஒரு தூரமா? அங்கே போய் ஏறினால் என்ன, ரயில் அதே ரயில்தானே. ஆனால் அங்கே ஏறினால் நான் காட்டுக்குள் வழி தவறி நின்ற ஒரு மனுசி, இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். கார்வெல் அங்கே இல்லை. கார்வெல் இங்கே இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே ஓடி ஓடி ஏறினது போதும். பையைக் கீழே வைத்தேன். அவன் திரும்பவும் கூப்பிட்டான். நான் அசையவில்லை. கடைசியில் அவனே தண்டவாளத்துக்கு நடுவால் மூச்சு வாங்க நடந்து வந்தான், மீசையெல்லாம் பனிக்கட்டி.

“யோகா, அடி ஏதும் பட்டதே?”

“இல்லை.”

“புது ட்றைவர். இந்த ஊரிலை ஆரும் ஏறுறேல்லை எண்டு அவனுக்கு ஆரோ சொல்லியிருக்கினம். பொடியன் நடுங்கிப்போய் இருக்கிறான். வா, பையைத் தா.”

“ஷீல், கார்வெல் எங்கை இருக்கு?”

அவன் பெயர்ப் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இங்கை.”

“அப்ப ரயிலை இங்கை கொண்டுவா.”

“ஒரு ஆளுக்காக முழு ரயிலையும் பின்னாலை எடுக்கேலாது, யோகா.”

“ஆள் ஏறினால் நிப்பாட்டுவம் எண்டு சொன்னது உங்கடை ஆக்கள். ஆள் நான்தான். நான் இங்கை நிக்கிறன்.”

“மேலை அனுமதி கேக்கவேணும். நேரம் எடுக்கும். விறைச்சுப் போவாய்.”

“கேள். நான் விறைக்கமாட்டன்.”

கோபிக்கப் போகிறான் என்று நினைத்தேன். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, தோளில் இருந்த றேடியோவை வாய்க்குக் கிட்டப் பிடித்தான். அந்தப் பக்கம் யாரோ நிறையக் கேட்டார்கள். ஷீல் திரும்பத் திரும்பச் சொன்னான். “ஓம், கார்வெலிலை. ஓம், ஒரு ஆள். இல்லை, அவ நடந்து வரமாட்டா.” கடைசியில் கத்தியே சொன்னான்: “கார்வெலிலை ஒரு ஆள் ஏறவேணும்!” காடு அதைத் திருப்பிச் சொன்னது. எங்கள் ஊர்ப் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காத்து நின்றோம். கால் விரல்கள் இருப்பது தெரியாமல் போய், பிறகு நெருப்பாய்த் தெரிந்தன. ஒரு கதவு அடிபடும் சத்தம். அக்னஸ், செத்துப்போன புருசனின் கோட்டை மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எய்னோ, இருமிக்கொண்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு. ரயில் தாண்டிப் போனதை ஜன்னலால் பார்த்திருக்கிறார்கள். அக்னஸ் ஒரு பக்கமும் எய்னோ ஒரு பக்கமும் வந்து என்னோடு பலகையில் நின்றார்கள்.

வளைவில் இருந்த சிவப்பு விளக்கு அசைந்தது. நான் முதலில் நம்பவில்லை, கண்ணில் தண்ணீர் என்று நினைத்தேன். விளக்கு பெரிதாகியது. ரயில் பின்னால் வந்தது. மெல்ல, மிக மெல்ல, மணி அடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாக எங்களைக் கடந்து வந்தது. ஜன்னல்களில் ஆட்கள் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி எங்களைப் பார்த்தார்கள். வாசல் சரியாகப் பலகைக்கு நேரே வந்து நின்றது. முன்னால், இஞ்சினின் ஜன்னலால் அந்தப் பொடியன் உடம்பை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்பது போலக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். நல்லாய்ப் பார் பிள்ளை, இந்த முகத்தை ஞாபகம் வைச்சுக்கொள்.

ஷீல் படியை இறக்கி வைத்தான். “சரி, எங்கை போறாய்?”

“அடுத்த தரிப்பிடம். பின்னேரம் இங்கை இறங்குவன்.”

நான் ஏறினேன். கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட ஷீல் படியை எடுக்கக் குனிந்தபோது, அக்னஸ் தன் தடியை அதன் மேல் வைத்தாள்.

“பொறு” என்றாள். “நானும் வாறன்.”

“இந்த உடுப்போடையே?” என்றேன்.

“உடுப்புக்கு என்ன?” அவள் ஏறினாள், முழங்காலைத் திட்டிக்கொண்டு, ஒரு கையை நான் பிடிக்க, முதுகில் ஷீல் தள்ள. எய்னோ கீழே நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். ஊரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இண்டைக்கு என்ரை முறையெல்லே” என்று இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டு அவரும் ஏறினார்.

ரயில் புறப்பட்டது. இந்த முறை இரண்டு சின்ன ஊதல்.